திரியக் கூடாத பால்

முனியசாமி குளிர்கிடங்கு நைட் டியூட்டியை விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. பகலில் தூக்கம் வரவில்லை, இரவில் விரல் விறைத்தது, ஒருநாள் சூப்பர்வைசரிடம் "கலாஸ், போதும்" என்று சொல்லிவிட்டு, கத்தாரில் நஜ்மா பகுதியில் இருந்த ரூமுக்கு வந்துவிட்டான். விசா கொடுத்த முதலாளியான கஃபீல் கெட்ட மனுஷன் இல்லை. வேறு வேலை காட்டினால் விடுவிக்கிறேன், இல்லையென்றால் மாதக் கடைசியில் ஊருக்கு டிக்கெட் என்றார். மாதம் முடியப் போகிறது.

வந்தது ஒரே ஒரு அழைப்பு. கலீனா என்ற ரஷ்யக்காரி சின்னதாக ஒரு காபிக்கடை வைத்திருந்தாள். காலைப் பலகாரத்துக்கு ஆள் வேண்டும். பரமக்குடியில் பரோட்டாக் கல்லில் நின்றவன் என்று சொன்னான். "பரோட்டா மாஃபி, வேண்டாம். சிர்னிக்கி. சனிக்கிழமை வந்து செய்து காட்டு. சீஸும் உன் கையாலேயே செய்து கொண்டு வா" என்றாள்.

வீடியோவில் பார்க்கச் சிர்னிக்கி தடித்த வடை மாதிரி இருந்தது. பாலைத் திரிய வைத்து, துணியில் கட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். அந்தக் கட்டியோடு முட்டை, சர்க்கரை, கொஞ்சம் மைதா சேர்த்துத் தட்டி, வெண்ணெயில் சுட வேண்டும். இவ்வளவுதானே என்று வெள்ளிக்கிழமை காலை பாலை அடுப்பில் வைத்து எலுமிச்சம்பழத்தை நறுக்கினான்.

ரூம் மூத்தவர் வீரபாண்டி போனும் கையுமாக வந்து நின்றார்.

"என்னடா பண்ற?"

"பாலைத் திரிய வைக்கப் போறேண்ணே. நாளைக்கு ட்ரையலுக்கு."

"உங்க மதினி அங்க ஆஸ்பத்திரியில பிரசவ வலியோட கெடக்கா. நீ இங்க பாலைத் திரிய வைக்கிறியா?"

"அவுக கமுதியில இருக்காக. இது கத்தாருண்ணே."

கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்த செய்கு முகம்மது நிமிர்ந்தார். "ஏன் பாண்டி, சகுனத்துக்கு விசா வேணாமா?"

"பாய், நீ சும்மா இரு. மொதப் புள்ள தங்கல."

முனியசாமி அடுப்பை அணைத்தான். வீரபாண்டி சொன்னதை அவன் நம்பவில்லை. ஆனால் இன்றைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பாத்திரத்தைத்தான் சொல்வார்கள். அது அவனுக்குத் தெரியும்.

"புள்ள பொறந்து போன் வரட்டும். அப்புறம் எத்தனை லிட்டர் வேணாலும் திரிய வையி" என்றார் வீரபாண்டி.

மத்தியானம் வரை போன் வரவில்லை.

பால்தானே கூடாது என்று கடையில் தயிர் வாங்கி வந்து, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டி, குழாயில் தொங்கவிட்டான். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பொறுக்காமல் இறக்கி, பிசைந்து கல்லில் வைத்தான். தட்டியது தட்டியபடி நிற்காமல் பரவி ஓடியது.

செய்கு முகம்மது ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். "இனிப்பு ஊத்தப்பம். ரஷ்யாக்காரி அழுதுருவா."

"எதுக்கு பாய்?"

"ஊருக்குப் போற உன்னை நெனச்சுத்தான்."

முனியசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மோர்க்குழம்பு நினைவுக்கு வந்தது. அசந்து கொதிக்க விட்டால் மோர் திரிந்து, தண்ணீர் தனியாகவும் பூப்பூவாகக் கட்டி தனியாகவும் போய்விடும். பரமக்குடி மெஸ்ஸில் அதற்காக ஏச்சு வாங்கியிருக்கிறான். மிச்சத் தயிரைச் சட்டியில் ஊற்றி, சிம்மில் வைத்து, கரண்டி போடாமல் பார்த்துக்கொண்டு நின்றான். ஓரத்தில் இளம்பச்சை நிறத்தில் தண்ணீர் விட்டது. நடுவில் கட்டி ஒதுங்கியது.

வீரபாண்டி எட்டிப் பார்த்தார். "இது திரியலையாடா?"

"தயிரு உறைஞ்சப்பவே பாலு போயிருச்சுண்ணே. பாலைத்தான வேணாம்னீங்க?"

அவர் வெகுநேரம் சட்டியையே பார்த்தார். "தயிருக்குச் சகுனம் கேட்டதில்ல" என்று போய்விட்டார்.

வடித்து, மேலே அரிசிப் பையைப் பாரம் வைத்து, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தான். காலையில் கட்டி உதிரியாக, லேசான புளிப்போடு இருந்தது. கிளம்பும்போதும் வீரபாண்டிக்குப் போன் வரவில்லை. டப்பாவைப் பார்த்துவிட்டு, மறுபடியும் போனை எடுத்துப் பார்த்தார்.

கலீனா மாவைப் பிசைய விடவில்லை. முதலில் டப்பாவைத் திறந்து, கட்டியைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். இன்னொரு தடவை கிள்ளினாள்.

"இதுவரை வந்த எல்லாரும் பனீர் கொண்டு வந்தார்கள். பாலும் எலுமிச்சையும். ரப்பர். இது பனீர் இல்லை. யார் சொல்லிக் கொடுத்தது?"

கமுதி, பிரசவம், தங்காத பிள்ளை எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்ல அவனால் முடியாது.

"ரூம்ல பிராப்ளம், மேடம்" என்றான்.

அவள் தோளைக் குலுக்கினாள். அவன் மைதாவைக் குறைத்துப் போட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்குத் தட்டி, சின்னத் தீயில் இருபுறமும் சிவக்கவிட்டான். ஒன்றும் பரவவில்லை. கலீனா நின்றுகொண்டே இரண்டு தின்றாள், மூன்றாவதை எடுத்துக்கொண்டு, "கஃபீல் நம்பர் கொடு" என்றாள்.

வெளியே வந்து வீரபாண்டிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, வேலை கெடச்சிருச்சு."

"பொம்பளப் புள்ளடா. ரெண்டு பேரும் நல்லாருக்காக." மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னார், "பாத்தியா? நான் தடுத்ததாலதான்."

பிள்ளையைச் சொல்கிறாரா, வேலையையா என்று முனியசாமி கேட்கவில்லை.

"இனிமே நீ பாலைத் திரிய வச்சுக்கடா. தடையில்ல."

"இனி அது வேணாண்ணே" என்று போனை வைத்துவிட்டு, கல்லைக் கழுவ உள்ளே போனான்.