இரண்டாவது பேணி

மே மாதம் இரண்டாம் கிழமை வந்தால் நான் படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவேன். அந்தக் கிழமை நெடுங்கேணிச் சந்தியில் கஞ்சி கொடுப்பார்கள். இரண்டாயிரத்தொன்பதில், யுத்தத்தின் கடைசி நாட்களில், கடற்கரை மணலில் சனம் குடித்து உயிர் வைத்திருந்த அதே கஞ்சி. அரிசி, தண்ணீர், அகப்பட்டால் உப்பு. செத்தவர்களை நினைத்து ஆளுக்கொரு சிரட்டை வாங்கிக் குடித்துவிட்டுச் சனம் போகும். என்னையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்று வருஷம் கூப்பிட்டுக் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

நான் சோறு தின்பதில்லை. பதினாறு வருஷமாய் என் அடுப்பில் அரிசிப் பானை ஏறியதில்லை. காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பேக்கரிப் பாண் ஓட்டோவில் ஒரு றாத்தல் பாண் வாங்குவேன், அதுதான் மூன்று வேளையும். அப்புத்துரைக்கு, அதாவது எனக்கு, சீனி வருத்தம், நீரிழிவு என்று ஊரில் கதை. சீனி வருத்தக்காரனுக்குப் பாண்தான் முதல் எதிரி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் திருத்தவில்லை. வருத்தம் என்றால் சனம் விட்டுவிடும். காரணம் என்றால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

உங்களுக்குக் காரணத்தைச் சொல்கிறேன். நான் கல்யாணவீட்டுச் சமையல்காரன். பளையிலிருந்து பூநகரி வரைக்கும் என் கிடாரம் ஏறாத பந்தல் குறைவு. கடைசியில் எல்லாரும் மணலுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு தொண்டர் சங்கம் கொஞ்ச அரிசியைத் தந்து, கஞ்சி காய்ச்சிக் கொடு என்றது. காய்ச்சினேன். எனக்கு இரண்டே சட்டம். அவியாமல் இறக்கமாட்டேன். ஓர் ஆளுக்கு ஒரு பேணி, ஓர் அகப்பை, அதுவும் வரிசையில் வந்தால்தான்.

என் மனைவி இலட்சுமிக்கும் அதே சட்டம். முதல் நாள் அவள் அடுப்புக்குப் பின்பக்கத்தால் வந்து செம்பை நீட்டினாள். நாலு பேருக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாய், "வரிசையில வாரும்" என்றேன். அவள் முகம் கறுத்துப்போனது. அதன்பிறகு ஒரு நாளும் பின்பக்கம் வரவில்லை.

கடைசியாய்க் காய்ச்சிய அந்த நாள் விறகு ஈரம். வரிசை நீண்டுகொண்டே போனது. "அண்ணை, காணும், போதும் பதம் பாத்தது, தாங்கோ" என்று சத்தம் போட்டார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். நான் ஒன்றை எடுத்து நசித்தேன். நடுவில் மா இருந்தது. "இன்னும் அவியேல்லை, கொஞ்சம் நில்லுங்கோ" என்றேன். என் சொல்லைக் கேட்டு நின்றார்கள். ஷெல் வரிசையில் விழுந்தது. எனக்கு விழவேண்டியதை முன்னால் இருந்த கஞ்சிக் கிடாரம் வாங்கிக்கொண்டது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். அங்கே பந்தியும் படையும் ஒரே மணலில் இருந்தன.

இலட்சுமியைக் கண்டெடுத்தபோது அவள் கையில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. ஒன்று எங்கள் செம்பு. மற்றது கம்பிக் கைபிடி போட்ட பால்மாத் தகரப் பேணி. அது எங்களுடையதல்ல. ஓர் ஆளுக்கு ஒன்று என்ற என் சட்டத்தை என் மனைவியே மீற வந்திருக்கிறாள். எங்கேயோ ஒரு பேணியைத் தேடியெடுத்து, எனக்குத் தெரியாமல் இரண்டாம் அகப்பை கேட்கலாம் என்று நின்றிருக்கிறாள். அவ்வளவு பசி அவளுக்கு. என்னிடம் சொல்லப் பயம். ஷெல்லை அடித்தவர்கள் யாரோ அவர்கள் இருக்கட்டும். அவளைப் பசியோடு வரிசையில் நிறுத்தியவன் நான், இன்னும் நில் என்றவனும் நான்.

செம்பையும் பேணியையும் முகாமுக்குக் கொண்டுபோய், பிறகு இங்கே செத்துப்போன என் தமையனுடைய காணிக்கும் கொண்டுவந்தேன். செம்பு அலுமாரிக்குள். பேணிக்குள் விதைக்கச்சான், நிலக்கடலை போட்டு வைத்திருக்கிறேன். முந்தியெல்லாம் அடுப்பு மூட்டும்போது பக்கத்தில் ஒரு பிடி மண்ணில் பிள்ளையார் பிடித்து வைப்பேன். அன்றைக்கும் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அவருக்கும் எனக்கும் கதை இல்லை.

இந்த வருஷம் படலையில் ஒரு பெண் வந்து நின்று கூப்பிட்டாள். நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். கையில் ஒரு துணிப்பை.

"எனக்குச் சீனி வருத்தம் பிள்ளை, கஞ்சி வேண்டாம்" என்று உள்ளே இருந்தே சொன்னேன்.

"நான் கஞ்சி கொண்டு வரேல்லை அண்ணை. பூநகரியில இருந்து மூண்டு பஸ் மாறி வாறன். தண்ணியெண்டாலும் தாங்கோவன்."

தண்ணீர் கேட்டவளை வெளியில் நிறுத்தி வைக்க நான் அவ்வளவு பெரிய கெட்டவன் இல்லை. சங்கிலியைக் கழற்றினேன். இரண்டு குவளை தண்ணீர் குடித்துவிட்டுப் பையை என் முன்னால் வைத்தாள். அரிசி. பூநகரி மொட்டைக்கறுப்பன்.

"என்ர பேர் சுமித்திரா. பளையில ஒரு கலியாணவீட்டில சமைக்க வந்தவர்தான் சொன்னவர், அப்புத்துரை அண்ணை நெடுங்கேணியில பாண் திண்டுகொண்டு இருக்கிறார் எண்டு. அண்ணை, நீங்கள் எனக்கு ஒரு அகப்பைக் கஞ்சி தரேல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கு நான் உங்கட வரிசையில நிண்டனான். நீங்கள் அவியேல்லை எண்டு சொல்லிப்போட்டியள். பங்கருக்குள்ள என்ர பிள்ளை, மூண்டு மாசக் குழந்தை, கத்திற சத்தம் கேக்குது. வரிசையை விட்டால் இடம் போயிடும். நிண்டு அழுதன். எனக்கு முன்னால நிண்ட அக்கா திரும்பிப் பாத்துச் சொன்னவா, 'தங்கச்சி, அவர் அவியாமல் தரமாட்டார். எனக்கு அவரைத் தெரியும். இன்னும் அரை மணித்தியாலம் செல்லும். நீர் ஓடிப்போய்ப் பிள்ளைக்குப் பாலைக் குடுத்திட்டு வாரும். உம்மட இடத்தை நான் வைச்சிருக்கிறன்' எண்டு. பேணியைக் கையில குடுத்திட்டு ஓடினன். பங்கருக்குள்ள இறங்கி..." அவள் நிறுத்திக்கொண்டாள். "இறங்கின உடன."

என்ன பேணி என்று நான் கேட்கவேயில்லை. அவளாகவே சொன்னாள்.

"பால்மாப் பேணி. என்ர மனுசன் கம்பியால கைபிடி போட்டுத் தந்தவர். அவர் அதுக்கு ஒரு மாசம் முந்தியே போயிட்டார்."

நான் எழுந்து உள்ளே போனேன். குசினியில் நின்றுகொண்டு அந்தப் பேணியைப் பார்த்தேன். எனக்கு வந்தது முதலில் கண்ணீர் இல்லை, கோபம். பதினாறு வருஷமாய்ச் சோற்றை வெறுத்து, ஒரு நல்ல மனுசியைக் களவாய் இரண்டாம் அகப்பை கேட்க வந்தவளாக நெஞ்சில் வைத்திருந்திருக்கிறேன். உண்மை தெரிந்த இவள் எங்கேயோ பஸ் ஏறக்கூடிய தூரத்தில் இருந்திருக்கிறாள். கச்சானை நிலத்தில் கொட்டிவிட்டுப் பேணியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"இவ்வளவு காலம் எங்கயடி போனனீ?" என்று கத்தினேன். முன்பின் தெரியாத பெண்ணை அடி போட்டுப் பேசியது பிழைதான்.

அவள் கைபிடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பயம் அண்ணை. என்ர இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு செத்தவா உங்கட மனுசி எண்டு பிறகு சனம் சொல்லித்தான் தெரியும். நான் எந்த முகத்தோட உங்களிட்ட வாறது? இப்ப என்ர மகள் லக்சிகாவுக்குப் பதினாறு வயது. ஒவ்வொரு வருசமும் 'கஞ்சி அக்கா'வுக்கு எண்டு ஒரு விளக்கு வைக்கிறம். இந்த வருசம் அவள் கேட்டாள், அந்த அக்காவுக்குப் பேர் இல்லையோ அம்மா எண்டு. எனக்குப் பேர் தெரியாது. அதுதான் வந்தனான்."

"இலட்சுமி" என்றேன்.

அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லிப் பதினாறு வருஷம். யாரிடம் சொல்வது? கச்சான் செடிக்கா?

அதற்குப் பிறகு நான் அழுதேன். வெட்கப்படாமல், மூக்கைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு அழுதேன். சுமித்திரா தேற்றவில்லை. பக்கத்தில் இருந்து அவளும் அழுதாள். இரண்டு பேரும் ஓய்ந்தபோது நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது.

"அவர் அவியாமல் தரமாட்டார் எண்டு சொன்னவா எண்டு சொன்னீர். கோவமாச் சொன்னவாவோ?"

"இல்லை அண்ணை. சிரிச்சுக்கொண்டு. உங்களைப் பற்றிப் பெருமையாச் சொன்ன மாதிரித்தான் எனக்கு இருந்தது."

பாரமெல்லாம் இறங்கிப் பறந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அந்த வரிசையில் நின்ற மற்றவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? என் சொல்லைக் கேட்டு நின்றவர்கள் அவர்களும்தான். ஆனால் இலட்சுமி பசியை மறைத்துக்கொண்டு எனக்குப் பயந்து சாகவில்லை. என்னைத் தெரிந்துகொண்டு, என்னை வைத்து ஒரு தாயை அந்த வரிசையிலிருந்து பிள்ளையிடம் அனுப்பிவிட்டு நின்றிருக்கிறாள். அவ்வளவு போதும், ஒரு பானை வைக்கலாம்.

முற்றத்தில் மூன்று கல் வைத்தேன். வீட்டில் அரிசிப் பானை இல்லை. குளிக்க வெந்நீர் வைக்கும் சட்டியைச் சாம்பல் போட்டு விளக்கி ஏற்றினேன். நெருப்புப் பற்றியதும் என் கை தன்பாட்டில் ஒரு பிடி மண்ணை எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிடித்துவிட்டது. கிணற்றடியில் இருந்து ஓர் அறுகம்புல்லையும் கிள்ளிக் குத்திவிட்டேன். நான் கூப்பிடவில்லை. வந்துவிட்டார், இருக்கட்டும்.

மொட்டைக்கறுப்பன் லேசில் அவியாது. கொதித்துக் கொதித்துத் தண்ணீர் சிவந்தது. வெயில் ஏறிவிட்டது. சுமித்திரா பின்னேர பஸ்ஸுக்குப் போகவேண்டும், விடியவே வெளிக்கிட்டவள், காலையில் ஒன்றும் தின்றிருக்கமாட்டாள்.

"அண்ணை, காணுமோ?"

ஒரு சோற்றை எடுத்து நசித்தேன். நடுவில் மா இருந்தது. அதே சொல்லை இன்னொருதரம் ஒரு மனுசிக்கு எப்படிச் சொல்வது? அரைவேக்காட்டை இறக்கிக் கொடுத்துவிட்டால் என்ன என்று கூட யோசித்தேன். என் வாழ்நாளில் அப்படி யோசித்தது அதுதான் முதல்தரம். சுமித்திரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கோ அண்ணை."

"இன்னும் அவியேல்லை" என்றேன். "கொஞ்சம் நில்லும் பிள்ளை."

சொல்லிவிட்டு மேலே பார்த்தேன். அவளும் பார்த்தாள். வானத்தில் ஒன்றும் இல்லை. வெறும் வெயில். தூரத்துக் காட்டோரத்தில் யாரோ உழவு இயந்திரம் ஓட்டிக்கொண்டு போனார்கள். விறகு வெடித்தபோது இரண்டு பேரும் துள்ளிவிட்டோம். பிறகு அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அரை மணித்தியாலம் அப்படியே நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. அரிசி அவிந்தது.

உப்புப் போட்டுக் கிண்டி இறக்கினேன். அகப்பை கிடையாது. சிரட்டையில் தடி செருகிக்கொண்டேன். "சரி, வாரும்" என்றேன்.

சுமித்திரா தன் பேணியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் சட்டிக்குக் கிட்ட வரவில்லை. மூன்றடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"ஏன் அங்க நிக்கிறீர்? கிட்ட வாரும்."

"வரிசையில வந்தால்தானே தருவியள்" என்றாள். தனக்கு முன்னால் இருந்த வெறும் நிலத்தைக் காட்டினாள். "இலட்சுமியக்கா முன்னால நிக்கிறா. அவாவின்ர இடத்தை நான் வைச்சிருக்கிறன்."

நான் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து செம்பை எடுத்து வந்தேன். அதை அந்த இடத்தில் வைத்து முதல் அகப்பையை ஊற்றினேன். என் சட்டத்தையும் மீறி அதே செம்பில் இன்னோர் அகப்பை ஊற்றினேன்.