கம்பத்தில் ஏறியவனின் கிட்டார்

கல்கத்தாவிலிருந்து ராஜதாஸுக்குத் தபாலில் ஒரு பலகை வந்திருக்கிறது என்று பாறசாலையில் பேச்சு எழுந்தது. துணி தேய்க்கிற பலகையாக இருக்கும் என்றார்கள் சிலர். கம்பி கட்டியிருக்கிறதே, அதில் எப்படித் துணி தேய்ப்பது என்றார்கள் வேறு சிலர். அவனிடமே கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அவனோடுதான் ஊரில் ஒருத்தரும் பேசுவதில்லையே. பேசக்கூடாது என்கிற வீம்பும் இருந்தது, தெரிந்துகொள்ள ஆசையும் இருந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு சனங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு மின்கம்பம். 1954 ஆகஸ்டில், தெற்கே தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் ஒருநாள் ஹர்த்தால். கடை கிடையாது, பஸ் கிடையாது, தமிழன் எவனும் வேலைக்குப் போகக்கூடாது. ராஜதாஸ் கரண்டு ஆப்பீசில் லைன்மேன். அவனும் போகாமல்தான் இருந்தான். காலையில் குளத்தூர் ரோட்டில் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்து, பிள்ளைகள் குளத்துக்குப் போகிற வழியில் கிடந்தது. ஆப்பீசுக்குப் போய்ச் சொல்லி ஆள் வருவதற்குள் ஏதாவது ஒரு பிள்ளை அதை மிதித்துவிடும். ராஜதாஸ் சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டுக் கம்பத்தில் ஏறி ஃபியூஸைப் பிடுங்கினான். அந்த நேரம் பார்த்தா ஊர்வலம் வரவேண்டும்? தரையில் நின்றிருந்தால் ஒரு வாழைத் தோட்டத்துக்குள்ளாவது நுழைந்திருக்கலாம். கம்பத்தின் உச்சியில் இருக்கிறவன் எங்கே போய் ஒளிவான்.

"எலே, அங்க பாரு. நம்ம ராஜதாஸு ஹர்த்தாலுக்கு வேல செய்யியான்" என்று கூட்டத்தில் ஒருவன் கையைக் காட்டினான்.

மேலேயிருந்து அவன் என்னவோ சொன்னான். கோஷத்தில் அது யார் காதில் விழும். அன்று மத்தியானம் மார்த்தாண்டத்தில் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்துப்போனார்கள் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு, கம்பத்தில் ஏறியவனைக் கூப்பிட்டு வைத்துக் காரணம் கேட்கிற பொறுமை யாருக்கும் இல்லை. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது.

களியக்காவிளைக்கு அந்தப்புறம் அவனுக்கு ஒரு பெண்ணை நிச்சயம் செய்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: "எங்க பிள்ளைக அடிபட்டுக் கெடக்கப்ப வேலைக்குப் போனவனுக்குப் பொண்ணு தாறதுக்கு மனசில்ல." அதோடு அது போயிற்று. அம்மா போய் ஐந்து வருஷமாகியிருந்தது. வீட்டில் அவனும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் மட்டும்.

ஆப்பீசில் கதை வேறு. ஓவர்சியர் கருணாகரன் மலையாளி, நல்ல மனிதர்தான். ஆனால் தினமும் சிரித்துக்கொண்டே, "எந்தா ராஜதாஸே, நிங்ஙளுடெ ஆளுகள் எந்து பறயுன்னு?" என்று கேட்பார். உன் ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று. என் ஆட்கள் என்னிடம் ஒன்றுமே சொல்வதில்லை சார் என்று எப்படிச் சொல்வது? ராஜதாஸ் பல்லைக் காட்டிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

வைதால்கூடப் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது. வைகிறவனுக்குப் பதில் சொல்லலாம். இவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். 'எலே, அன்னைக்கு நீ எதுக்கு ஏறின' என்று யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், கேட்டால் போதும். அதற்குச் சொல்லவேண்டிய பதிலை அவன் அடுப்படியில் நின்று வாய்விட்டே சொல்லிப் பார்த்திருக்கிறான். மூன்று பேரை வலிய நிறுத்திச் சொல்லவும் முயன்றான். மூன்று பேருக்கும் அப்போதுதான் அவசர வேலை வந்தது.

கிட்டார் ஆசை அந்தச் சமயத்தில்தான் மறுபடி முளைத்தது. யுத்தகாலத்தில் ராஜதாஸ் பட்டாளத்தில் டெலிபோன் கம்பி இழுத்தவன். கல்கத்தா முகாமில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் கிட்டாரை மடியில் கிடத்தி, இரும்புத் துண்டு ஒன்றைக் கம்பிகள் மேல் உருட்டி வாசிப்பான். பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி இருக்கும். ஒரு தடவை தட்டினால் அந்த ஓசை லேசில் போகாது. நின்று, வளைந்து, மெல்லத்தான் அடங்கும். தன் வீட்டில் எந்தச் சத்தமும் எழுந்தவுடனே செத்துப்போகிறது என்று தோன்றிய ஒருநாள், ராஜதாஸ் கல்கத்தாவில் ஒரு கடைக்கு விலைப்பட்டியல் கேட்டுக் கடிதம் போட்டான்.

பட்டியலில் மூன்று வகை இருந்தது. முதலாவது, உள்ளே கூடான பெட்டிக் கிட்டார். கம்பியின் அதிர்வைக் கரண்டில் ஏற்றுகிற காந்தமும் வைத்திருக்கும், கரண்டு இல்லாமலும் பாடும். படத்தைப் பார்த்தாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். விலை அவனுடைய நான்கு மாதச் சம்பளம். இரண்டாவது அதற்குத் தம்பி, விலையிலும் தம்பிதான். மூன்றாவது வெறும் கட்டைப் பலகை, ஆறு கம்பி, நடுவில் ஒரு காந்தம். தொண்ணூறு ரூபாய். கீழே சின்ன எழுத்தில், ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் இது கேட்காது என்று போட்டிருந்தார்கள். அதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பெட்டிதான் சத்தம் போடும். பெட்டி இல்லாதது பலகைதானே. கல்யாணத்துக்கென்று சேர்த்ததில் முன்னூறு இருந்தது. பெட்டிக் கிட்டாரை வாங்கினால் அதோடு சரி, பிறகு ஆம்ப்ளிஃபயரைக் கனவில்தான் பார்க்கலாம். பலகையை வாங்கினால் இருநூற்றுப் பத்து மிச்சம். இந்தச் சீமையில் ஆம்ப்ளிஃபயர் எப்போதாவது பழசாகக் கிடைக்கும். கிட்டார் கிடைக்கவே கிடைக்காது. இரண்டு வாரம் யோசித்துப் பலகைக்கே பணம் அனுப்பினான். அனுப்பின பிறகும் அந்தப் பெட்டிக் கிட்டார் படத்தைக் கிழித்துப் போட மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பலகையை மடியில் வைத்து வாசித்துப் பழகினான். தீப்பெட்டிக்குள் வண்டை அடைத்தது போல ஒரு கீச்சுச் சத்தம் வரும். பலகைமேல் தாடையை வைத்தால் எலும்பு வழியாகக் கொஞ்சம் நன்றாகக் கேட்கும். அப்படிக் குனிந்து கிடந்து கற்றுக்கொண்டான் மனுஷன். பக்கத்து வீட்டு சரசம்மா வேலி வழியாகப் பார்த்துவிட்டு, அவன் பலகையைக் கட்டிப்பிடித்து அழுகிறான் என்று நாலு வீட்டில் சொன்னாள். அதையும் அவனிடம் கேட்கவில்லை.

ஆம்ப்ளிஃபயருக்கு அலைந்தது தனிக்கதை. திருவனந்தபுரத்தில் புதுசு விலை கேட்டான். கடைக்காரன் சொன்ன தொகைக்குக் குளத்தூரில் பத்து சென்ட் நிலம் வாங்கலாம். நெய்யாற்றின்கரையில் ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரன் பழைய ரேடியோவைப் பிரித்துச் சரிசெய்து தருவதாகச் சொன்னான். பலகையை அதில் மாட்டிப் பார்த்தபோது கிட்டாரைவிட இரைச்சல்தான் பலமாக வந்தது. மிச்சம் இருந்தது யோசுவாவின் மைக்செட் ஒன்றுதான். கல்யாணம், சர்ச் கன்வென்ஷன், பிறகு போராட்டக் கூட்டம் எல்லாவற்றுக்கும் யோசுவாதான் மைக் கட்டுவான். கூட்டத்துக்குக் கட்டியதால் போலீஸ்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவன் பெட்டியைத் தொடவே இல்லை. யோசுவாவிடம் நேரில் போய் விலைக்குக் கேட்கலாம். ஆனால் யோசுவா முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களில் முதல் ஆள்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடி 1956 அக்டோபர் வந்தது. எல்லையும் தீர்மானமாகிவிட்டது. நவம்பர் ஒன்றாம் தேதி விளவங்கோடு வரை தமிழ்நாட்டோடு போகும், பாறசாலை இருக்கிற நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடேயே நிற்கும். இவ்வளவு அடிபட்டும் பாறசாலைக்காரர்கள் வேலிக்கு இப்பால்தான். யோசுவாவும் அவன் மனைவி சுகிர்தபாயும் மார்த்தாண்டத்துக்கு வீடு மாறுவதாக இருந்தார்கள். போகுமுன், புருஷன் உயிரோடு திரும்பினால் வீட்டிலேயே விலைகூடின பொருளைத் தருவதாகச் செய்திருந்த பொருத்தனையைத் தீர்க்க, சுகிர்தபாய் அந்த மைக்செட்டை அறுப்பின் பண்டிகைக்குப் படைத்தாள்.

அறுப்பின் பண்டிகை என்றால் காணிக்கைப் பொருளையெல்லாம் ஆராதனை முடிந்து சர்ச் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், சேவல், மரச்சீனிக் கிழங்கு, நேந்திரங்குலை. அதில் ஒரு வழக்கம் உண்டு. பொருளின் மதிப்புக்கு மேலே ஒருவர் ஏற்றிக் கேட்டு எடுத்தால், அது அவருக்கில்லை. கர்த்தருக்கென்று எடுத்து, சபைக்கே விட்டுவிடுகிறார் என்று அர்த்தம். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஐந்து ரூபாய்ச் சேவலை இருபதுக்கு எடுத்துவிட்டு எவனாவது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவானா? ராஜதாஸுக்கு இது தெரியாதா, சின்ன வயசிலிருந்து பார்த்தவன்தான். ஆனால் அன்று அவன் மண்டையில் ஆம்ப்ளிஃபயர் ஒன்றுதான் இருந்தது. முற்றத்துக் கடைசியில், மாமரத்தடியில், சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு தனியாக நின்றான்.

ஏலம் விட்டவர் சபை மூப்பர் எலியா. "மைக்செட்டு. நல்ல ஆம்ப்ளிஃபயரு, ஹாரனில மட்டும் ஒரு சொட்டை உண்டு. ஆரு கேக்கியது?"

தேங்காய் வியாபாரி சுந்தரதாஸ் வாடகைக்கு விடுகிற எண்ணத்தில் அறுபது என்றான். எழுபத்தைந்து என்றார் இன்னொருவர். சுந்தரதாஸ் நூறு, நூற்றுப் பத்து என்று போய் நூற்றிருபதில் நின்றான். அதற்குமேல் அந்தப் பழைய பெட்டி பெறாது என்று எல்லாருக்கும் தெரியும்.

"நூத்தியிருவது ஒருதரம்" என்றார் எலியா. "ரெண்டுதரம்."

கைநழுவிப் போகிறதே என்று ராஜதாஸ் பதறிப்போனான். நூற்றிருபத்தைந்து என்று கேட்டால் போதும். கூட்டத்தில் வாய்திறக்கிற பழக்கமே விட்டுப்போனவனுக்கு அந்த நிதானம் எங்கிருந்து வரும்? கையில் இருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

"இருநூத்திப்பத்து."

எல்லாத் தலையும் மாமரத்தடிக்குத் திரும்பியது. இரண்டு வருஷமாகப் பார்க்காத முகத்தை மொத்தச் சபையும் ஒன்றாகப் பார்த்தது. எலியா மூன்றாம் தரத்தைச் சொல்லக்கூட மறந்து, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். போதகர் வேதமணி எழுந்து நின்று, நம் சகோதரன் சபைக்கு ஒரு மைக்செட்டை எடுத்துத் தந்திருக்கிறார் என்று சொல்லி அங்கேயே ஜெபம் பண்ண ஆரம்பித்தார்.

அப்போதுதான் ராஜதாஸுக்கு அந்த ஏல வழக்கம் நினைவுக்கு வந்தது. 'இல்லை ஐயா, எனக்காக்கும் எடுத்தது' என்று சொல்லவேண்டும். கண்ணைத் திறந்து ஓரடி முன்னே வைத்தான். எதிரே சுகிர்தபாய் நின்றிருந்தாள். ஜெபம் முடியக்கூடக் காத்திராமல் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எனக்க பொருத்தனைப் பொருளு வெளிய போவாம சர்ச்சிலயே இருக்கட்டும்னு ஒங்களுக்குத் தோணிச்சே. இவ்வளவு நாளு ஒங்கள ஒரு மனுஷனாட்டு மதிச்சதில்ல நாங்க. எல்லாம் இன்னையோட தீந்துது."

அந்தக் கை சூடாக இருந்தது. ஒரு மனிதக் கை அவனைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தால் அங்கேயே அழுதிருப்பான். அவளுக்குப் பின்னால் யோசுவா நின்று, மெலிந்த கழுத்தை அசைத்து, "வா மக்கா, சாப்பிடலாம்" என்றான். மக்கா என்றான். ராஜதாஸ் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, பணத்தை எடுத்து எலியாவிடம் கொடுத்தான்.

பண்டிகைச் சோறு பந்தலில் இலைபோட்டுத் தயாராக இருந்தது. அதற்குமுன் செட்டை ஒருதடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்றார் எலியா. கரண்டுக்காரன் இருக்கும்போது வேறு யார் கட்டுவது? ராஜதாஸ் ஒயரை இணைத்தான், ஹாரனை மாமரத்தில் ஏற்றிக் கட்டினான், வால்வு சூடாகிற வரை பொறுத்தான். அந்தப் பெட்டியின் குமிழைத் திருப்பியபோது, பலகை இதில் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைக்காமலிருக்க முடியவில்லை. மைக்கை அவன் கையிலேயே கொடுத்து, "எதாவது பேசு மக்கா, கேக்குதான்னு பாப்பம்" என்று சொல்லிவிட்டு எலியா பந்தலுக்குள் போனார்.

"ஹலோ. ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றான் ராஜதாஸ். அவனுடைய குரல் மரத்திலிருந்து இறங்கி ரோட்டைத் தாண்டிப் போயிற்று. எவ்வளவு பெரிய குரல். பந்தலில் எல்லாரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட்டால் இனி எப்போது?

"அன்னைக்கு ஹர்த்தாலுக்கு குளத்தூரு ரோட்டில கம்பி அறுந்து கெடந்தது" என்றான். குரல் நடுங்கியது, நடுக்கமும் பெரிதாகக் கேட்டது. "பிள்ளைக குளிக்கப் போற வழியாக்கும் அது. ஃபியூஸப் பிடுங்கதுக்குத்தான் நான் ஏறினேன். வேலைக்குப் போவல்ல. ஆப்பீசில எனக்க கையெழுத்துகூட இல்ல. நான் வேலைக்குப் போவல்ல."

பந்தலிலிருந்து எலியா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

"நல்ல கிளியராட்டு கேக்குது மக்கா. போதும். ஆஃப் பண்ணிற்று வா, சோறு ஆறுது."

ராஜதாஸ் குமிழைத் திருப்பினான். பந்தலில் யோசுவாவும் சுந்தரதாஸும் நகர்ந்து நடுவில் அவனுக்கு இடம் விட்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் சுகிர்தபாய் தானே வந்து பருப்பு ஊற்றி, அப்பளம் ஒன்று கூடுதலாக வைத்தாள். அவன் தாழ்ந்த குரலில், "நான் சொன்னது கேட்டுதா" என்றான்.

"கேட்டுது, கேட்டுது" என்றான் சுந்தரதாஸ், சோற்றைப் பிசைந்துகொண்டே. "அதெல்லாம் இனி எதுக்குடே? நாங்கதான் மன்னிச்சாச்சே."

மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கோபமாக இருந்தவர்களிடமாவது என்றைக்காவது ஒருநாள் சொல்லிவிடலாம் என்று நம்பிக்கை இருந்தது. மன்னித்துவிட்டவர்களிடம் போய் எதைச் சொல்வது? ராஜதாஸ் இலையைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டான். சுந்தரதாஸ் மார்த்தாண்டத்தில் தேங்காய் விலையைப் பற்றி யோசுவாவிடம் பேச ஆரம்பித்தான், நடுநடுவே இவன் முகத்தையும் பார்த்து. இவனும் ஆமாம் ஆமாம் என்றான்.