நரித்தலைக்குள் ஓர் ஆள்

ஜார்ஜ்டவுன் பேரங்காடி ஒன்றின் மூன்றாம் மாடியில் எனக்கு அனுபிஸ் சாமியாக வேஷம் போடுகிற வேலை. எகிப்தியக் கண்காட்சி, இரண்டு மாதம். நரித்தலையை மாட்டிக்கொண்டு காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை அசையாமல் நிற்க வேண்டும். பேசவே கூடாது. நல்ல சாமிகளெல்லாம் மற்றவர்களுக்குப் போய்விட்டன. பூனைத்தலை சாந்தினிக்கு, வீட்டைக் காக்கிற தெய்வமாம், எல்லாரும் கொஞ்சுகிறார்கள். பருந்துத்தலை கார்த்திகேசுவுக்கு, வானத்துக்கே ராஜா. இடுகாட்டுச் சாமியை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

செத்தவர்களை அழைத்துப்போய், அவர்கள் இதயத்தைத் தராசில் வைத்து ஓர் இறகுக்கு எதிரே நிறுப்பவர் என்று என் பக்கத்துப் பலகையில் மலாயில் போட்டிருந்தது. புதைத்த இடத்தைத் தோண்டுவது நரி. அதையே காவலுக்கு வைத்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள். பிள்ளைகள் என் காதைத் திருகிச் சிரிப்பார்கள். முதுகு விண்விண்ணென்று தெறிக்கும். இந்தப் பிழைப்பே எனக்கு அலுத்துவிட்டது.

புதன்கிழமை பிற்பகல், கூட்டம் இல்லை. அறுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி, எதிரே இருக்கும் மருத்துவமனையின் பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி வந்தார். பலகையை இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"சாமி, எங்க வீட்டுக்காரரு பிச்சைமுத்து. கெப்பாலா பத்தாஸ்ல இருக்கோம். பத்து நாளா அவருக்கு மெஷின்தான் மூச்சு விடுது. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது, மெஷின எடுத்துறலாமான்னு டாக்டர் கேக்குறாரு. நாலு மணிக்கு நான் பதில் சொல்லணும். புள்ளகுட்டியும் இல்ல. நான் சரின்னு சொன்னா, நானே அவர கொன்ன மாதிரி ஆயிருமா?"

இந்த அம்மாவை ஏமாற்ற மனம் வரவில்லை. தலையைக் கழற்றினேன்.

"மன்னிச்சிருங்க அக்கா. நான் சம்பளத்துக்கு நிக்கிற ஆளு. பேரு புவனேஸ்வரன்."

அவர் திடுக்கிடவே இல்லை.

"தெரியும்லா தம்பி. நீங்க இருமுனது கேட்டுச்சு. சாமிகிட்ட பத்து நாளா கேட்டுட்டேன், ஒண்ணுமே சொல்லல. யாராச்சும் மனுசங்க சொன்னா தேவலன்னு இருந்துச்சு."

கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து கண்காட்சி மேற்பார்வையாளர் முறைத்தார். முறைக்கட்டும்.

"நீங்க கொல்லல அக்கா. அவரு ரொம்ப களைச்சுப் போயிருப்பாரு. போதும்னு விடுறீங்க, அவ்வளவுதான்."

"இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி."

சொன்னேன். அவர் உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத மொதல்ல அவரு காதுல சொல்றேன்," என்றார். "டாக்டர்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்."