நான்காவது பேரிங்

மெஹபூப் அலி விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி, பிரித்துப் போட்ட எஞ்சினின் முதல் பேரிங்கின் துளையில் விட்டார். குச்சி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. இரண்டாவதிலும் போயிற்று, மூன்றாவதிலும் போயிற்று. நான்காவதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண்ணெண்ணெயில் கழுவினார், லுங்கி முனையில் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தார். பிறகு குச்சியை ரகுபதியிடம் நீட்டினார்.

"நீயே உடு சின்ன சாமி. எங்க உடறேன்னு பாக்கறேன்."

ரகுபதி குச்சியை வைத்துக்கொண்டு விழித்தான். துளையே இல்லை. உள்பக்கத்து ஈயம் உருகி ஓடியிருந்தது. எரிந்துபோன பேரிங் அப்படித்தான் இருக்கும். ஆனால் முதுகுப் பக்கத்துப் பித்தளை தேய்த்த சொம்பு மாதிரி வழவழவென்று இருந்தது. எண்ணெய் இறங்க வேண்டிய இடத்தில் துளை போட்டு அடைபட்ட தடமும் இல்லை, போட நினைத்த தடமும் இல்லை. சீமையில் எவனோ ஒருத்தன் மூன்றுக்குத் துளை போட்டுவிட்டு நான்காவதற்கு முன்னால் டீ குடிக்கப் போயிருக்கிறான்.

"எண்ணெ இல்லாமயே நானூத்திப் பன்னண்டு மைல் ஓடிக்கீது," என்றார் மெஹபூப் அலி. "உன் கை அப்படி சாமி. வேற எவனாவது மெதிச்சி ஓட்டியிருந்தா நூறு மைல்லயே செத்துப் போயிருக்கும்."

பாராட்டுத்தான். ஆனால் ரகுபதிக்கு யாரோ முதுகில் ஐஸ் தண்ணீர் ஊற்றியதுபோல இருந்தது.

வின்டோவர் என்ற அந்தப் பச்சை நிற இரண்டு சீட்டு வண்டி கப்பலிலிருந்து இறங்கி மூன்று மாதம் ஆகவில்லை. பி.எல். பாஸ் செய்ததற்காக அப்பா வாங்கித் தந்தது. அதற்கு முன் இரண்டு வருஷமாக ரகுபதி அதன் படத்தை ஹிந்து லா புத்தகத்துக்குள் வைத்துத்தான் பரீட்சைக்குப் படித்தான். வண்டியோடு வந்த சின்னப் புத்தகத்தில், முதல் ஐந்நூறு மைல் முப்பதுக்கு மேல் போகக்கூடாது, போனால் உத்தரவாதம் கிடையாது என்று போட்டிருந்தது. அவன் இருபத்தெட்டைத் தாண்டவில்லை. லஸ்ஸிலிருந்து எலியட்ஸ் பீச்சுக்குப் போய்வரும்போது பஸ்கூட அவனைத் தாண்டிக்கொண்டு போகும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மெஹபூப் அலி பஸ்காரனைப் பார்த்து, "போ நைனா, போ, உன் வண்டி கிழம், என் வண்டி கைக்கொழந்தை," என்று கத்துவார்.

அது ரோட்டில். மோட்டார் கிளப்பில் நடந்தது வேறு. "கல்யாண ஊர்கோலத்துல இதைவிட வேகமா போவா ஓய்," என்று ஒருத்தன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ரகுபதிக்குக் காது சிவந்தது. "நீ பாத்தது பகல்ல. கார்த்தால அஞ்சு மணிக்கு வந்து பாரு. நேத்திக்கு பீச் ரோட்ல எழுபத்திரண்டு," என்று சொல்லிவிட்டான். எழுபது என்றால் நம்ப மாட்டார்கள் என்று கூட இரண்டு போட்டுச் சொன்னான். சிரிப்பு நின்றது. மறுநாளிலிருந்து கிளப்பில் அவன் பெயரே எழுபத்திரண்டு ஆகிவிட்டது. அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்தும் போயிற்று.

வாரம் திரும்புவதற்குள் மவுண்ட் ரோடு ஏஜெண்ட் கம்பெனியின் ஷோரூம் கண்ணாடியில் கொட்டை எழுத்தில் ஒரு அட்டை தொங்கியது: மெட்ராஸ் ரோட்டிலேயே வின்டோவர் எழுபத்திரண்டு மைல், ஓட்டியவர் மயிலாப்பூர் ஸ்ரீ ரகுபதி. அவன் தினம் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அந்த வழியாகப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தான்.

அப்புறம் ஒருநாள், அடையாறு பாலத்தின் மேல், இருபத்தாறு மைல் வேகத்தில், எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல நாலு சத்தம் கேட்டது. வண்டி நின்றது. மாட்டைப் பூட்டித்தான் மீர்சாகிப்பேட்டையில் இருக்கும் மெஹபூப் அலியின் கொட்டகைக்கு இழுத்து வந்தார்கள். கம்பெனிக்கு ஆள் அனுப்பலாம் என்றுதான் மெஹபூப் அலி முதலில் சொன்னார். பொறுக்காமல், "இப்பவே பிரியும் பாய்," என்று அவசரப்படுத்தியது ரகுபதி.

மறுநாள் காலை பேரிங்கை ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டு இருவரும் மவுண்ட் ரோடுக்குக் கிளம்பினார்கள். மெஹபூப் அலி வெளுத்த சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு விசயம் சாமி. ஓட்டை இல்லன்னு கண்டுபுடிச்சது இவன்தான்னு தொரை காதுல ஒரு வார்த்தை போட்டு வையி. பதினெட்டு வருசமா வண்டி வேலை செய்யறேன். எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் சர்ட்டிபிகேட் இன்னா கீதுன்றான். கைதான்டா கீதுன்னா சிரிக்கறான்."

"கட்டாயம் சொல்றேன் பாய். உம்மாலதானே தெரிஞ்சது," என்றான் ரகுபதி. அப்போது அவன் அதை மனசாரத்தான் சொன்னான்.

ஷோரூம் வாசலில் சேவகன் மெஹபூப் அலியை நிறுத்திவிட்டான். ரகுபதி மட்டும் உள்ளே போனான். வண்டியை அவனுக்கு விற்ற லோகநாத முதலியார் எழுந்து வந்தார்.

"வாங்க எழுபத்திரெண்டு, வாங்க! சோடா சொல்லட்டுமா?"

ரகுபதி கைக்குட்டையை மேஜைமேல் அவிழ்த்தான். முதலியார் பேரிங்கை எடுத்துப் பார்த்தார். அவருக்கும் வண்டி தெரியும். புரிந்துகொண்டது முகத்தில் ஒரு கணம் தெரிந்தது. அடுத்த கணம் இல்லை.

"எஞ்சினைப் பிரிச்சது யாரு சார்?"

"என் மெக்கானிக்."

"எங்க ஆள் இல்லாம பிரிச்சா கம்பெனி பொறுப்பில்லைன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. அதுவும் போவட்டும். எழுபத்திரெண்டு போயிருக்கீங்க. முப்பதுதான் போலாம்."

"அது நிஜமில்லை முதலியார். கிளப்ல சும்மா சொன்னேன். நான் இருபத்தெட்டைத் தாண்டினதே இல்லை."

"அப்ப அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா? தொரை கேட்டா நான் எதைச் சொல்றது?"

"நீங்களும்தானே அதைக் கண்ணாடியில தொங்க விட்டுண்டிருக்கேள்?"

"விட்டோம். நீங்க சொன்னீங்க, தொங்க விட்டோம். அதைப் பாத்து ரெண்டு வண்டி வித்துது. அன்னிக்கு அது வண்டியோட பெருமை சார். இன்னிக்கு அது உங்க வேகம்."

"அந்த ரெண்டு வண்டியிலயும் துளை இருக்கான்னு பாத்தேளா?"

"அவங்க யாரும் வந்து கேக்கலையே," என்றார் முதலியார், ரொம்பத் தன்மையாக.

பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கோர்ட்டுக்குப் போகலாம், நியாயம் ரகுபதி பக்கம்தான், பேரிங்கைப் பார்த்த எந்த ஜட்ஜும் சொல்லிவிடுவார். ஆனால் கூண்டில் ஏறினால் முதல் கேள்வியே அந்த எழுபத்திரண்டாகத்தான் இருக்கும். வக்கீலான அப்பா கட்சிக்காரர்களோடு நடமாடும் அதே ஹைகோர்ட்டில், கிளப் பசங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க, நான் பெருமைக்குப் பொய் சொன்னேன் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். பரவாயில்லையா?

கூண்டு ரகுபதியின் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. ஊர்கோலம் என்று சொன்னவனின் பற்கள் அதைவிட நன்றாகத் தெரிந்தன.

"இன்னொரு வழியும் இருக்கு," என்றார் முதலியார்.

உள்ளே போய் அரை மணியில் டைப் அடித்த காகிதம் ஒன்றோடு வந்தார். மெஹபூப் அலி என்னும் அனுபவமற்ற ஆள், முன்னூறாவது மைலிலேயே சொந்தக்காரருக்குத் தெரியாமல் எஞ்சினைப் பிரித்து, தன்னிடமிருந்த ஏதோ பேரிங்கைப் போட்டிருக்கிறான். பழுதுக்கு அதுவே காரணம். கம்பெனிமீது குறை ஏதுமில்லை. கீழே கையெழுத்துக்கு இடம். கையெழுத்து விழுந்தால் புது எஞ்சின், மதிப்புள்ள வாடிக்கையாளர் என்ற மரியாதைக்காக, அடுத்த மாசத்து பீச் மோட்டார் பந்தயத்துக்கு முன்னாலேயே.

"அவன் பேர் எதுக்கு முதலியார்? யாரோ ஒரு மெக்கானிக்னு போட்டா ஆகாதா?"

"சீமைக்குப் போற காகிதம் சார். பேர் இல்லாத குத்தத்தை யார் ஒத்துப்பாங்க? ஒரு காப்பி மத்த கம்பெனிக்கெல்லாம் போகும், அது வழக்கம். அவனுக்கு இதால என்ன நஷ்டம்? கொட்டகையில ஜட்கா வண்டி அச்சு அடிச்சாவது பொழைச்சுப்பான்."

ரகுபதி மூன்று தடவை படித்தான். அவன் வக்கீல் பிள்ளை. எந்த வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்று அவனுக்குத் தெரியும். கம்பெனிக்காரன் போடாத ஒரு துளை. அது யார் தலையில் விழுவது என்பதுதான் மிச்சம். கம்பெனியின் தலை கடல் தாண்டி இருந்தது, தன் தலை இங்கே இருந்தது. பேனாவில் மை கொஞ்சம் உறைந்திருந்ததால் கையெழுத்தை அழுத்திப் போட வேண்டியிருந்தது. முதலியார் பேரிங்கை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். நகல் ஒன்றை மடித்து அவன் கையில் கொடுத்தார்.

வாசலில் மெஹபூப் அலி சேவகனோடு ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தார். ரகுபதியைக் கண்டதும் எழுந்தார்.

"இன்னா சாமி, ஒத்துக்கினானா?"

"புது எஞ்சின் தரா."

"அட்றா சக்கை! பாத்தியா நைனா," என்று சேவகன் தோளில் தட்டினார். "ஒரு வெளக்கமாத்துக் குச்சி! சீமைக்காரனையே மடக்கிட்டேன்." அப்போதுதான் ரகுபதியின் கையில் இருந்ததைப் பார்த்தார். "அது இன்னா, எழுதிக் குடுத்துட்டானா?"

ரகுபதி காகிதத்தைச் சட்டைப்பைக்குக் கொண்டுபோனான். அதற்குள் மெஹபூப் அலி இரண்டு உள்ளங்கைகளையும் சட்டையில் துடைத்து நீட்டியிருந்தார். கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் வேண்டும். காகிதம் அந்தக் கைகளில் போய்ச் சேர்ந்தது.

அவர் காகிதத்தை வெயிலுக்குக் காட்டி, படாமல் விரலை வைத்துக்கொண்டு வரிவரியாக இறங்கினார். நாலாவது வரியில் விரல் நின்றது.

"இது நானு. லைசென்ஸ்ல இப்படித்தான் போட்டுக்கீது. இங்கிலீஷ்ல எனக்கு இது ஒண்ணுதான் படிக்கத் தெரியும்." அந்தப் பெயரை மறுபடியும் எழுத்து எழுத்தாகப் பார்த்தார். "பேரு போட்டுக்கீறாங்களே சாமி. சொன்னாப்பலயே சொல்லிட்டியே."

"பாய், அதை இப்படிக் கொடும். ஆத்துல அப்பா பாக்கணும்..."

"சாயங்காலம் கொண்டாந்து தர்றேன். எதுத்தாப்பல கரீமுல்லா சாயபு ஒர்க்‌ஷாப். மூணு தபா தொரத்திக்கீறாரு என்னை. ஒரு வாட்டி அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டு வந்துடறேன்."

ரகுபதி நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. மெஹபூப் அலி காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார், சட்டைப்பையில் வைத்தார், காற்றுக்குப் பறந்துவிடாமல் மேலே உள்ளங்கையை அணைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். இரண்டு ஜட்காக்களுக்கு நடுவே புகுந்து போனார். ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு வந்து குறுக்கே நின்றது. யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். அது நகர்ந்தபோது, எதிர்ப்புறத்து ஒர்க்‌ஷாப்பின் ஆபீஸ் அறை வாசலில் அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.