ட்ரிப் சுவிட்சுக்குத் தீர்த்தம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கொலைத் திட்டம். குருநகரில் ஒரு வீட்டில், கரண்ட் ஒழுகினால் தானாக விழுந்து இணைப்பை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் ஒரே நாளில் பதினொரு தரம் விழுந்ததாக மீன் சந்தையில் கேள்விப்பட்டேன். ஆளை முடிக்கத் தோதான வீடு என்று எழுத உட்கார்ந்தேன்.

2

பெர்னடெட் பெருநாள் விருந்துக்கென்று பிரீசரில் இருபது கிலோ இறால் வைத்திருந்தாள். [முதலில் ஐம்பது என்று எழுதினேன். அவள் கணவன் சிமியோன் வயரிங் வேலைக்காரன், அளவு தெரிந்தவன். இருபதாக வெட்டிவிட்டான்.] பிரீசரைப் போட்டால் சுவிட்ச் விழும். பெர்னடெட் கோயில் தீர்த்தத்தைப் பிரீசர் மேல் தெளித்தாள். ஈரத்தில் இன்னும் கெதியாக விழுந்தது. விசுவாசம் போதவில்லை என்று போத்தலோடு கவிழ்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உந்தச் சுவிட்சைக் கழட்டிப்போட்டு வயரை நேரை கொழுவுங்கோ. இறால் பழுதாகப் போகுது."

"போன கரண்ட் முழுக்கத் திரும்பி வரயில்லை. பிரீசராலை ஒழுகி நிலத்துக்கை போகுது. நீ தொட்டால் உன்னாலை போகும்."

"உது இல்லாத காலத்திலை ஆர் செத்தது?"

"உன்ரை பெரியப்பு."

"அவர் குடிச்சிட்டெல்லே தொட்டவர்."

"கரண்ட் வாயை மணந்து பாக்கிறேல்லை."

(ஐஸ் வாங்கலாமே என்று கேட்காதீர்கள். பெருநாள் வாரத்தில் ஐஸுக்கு அடிபிடி. பிரீசர் திருத்துபவரும் பெருநாள் கழித்துத்தான் வருவாராம்.)

3

சிமியோன் மசியவில்லை. நான் மசிய வைத்தேன்:

சிமியோன் வயரை நேரே கொழுவினான். பெர்னடெட் வெறுங்காலோடு வந்து, ஈரக்கையால் பிரீசரின் கைபிடியைத்

(வாக்கியம் சுவிட்சைப் போல விழுந்துவிட்டது. மறுபடி தூக்கிவிட்டேன்.)

பெர்னடெட் ஈரக்கையால் கைபி

(கண் வெட்டுவதற்குள் மறுபடி விழுந்தது. பெரிய பெரிய சொற்களை ஏற்றிப் பார்த்தேன். பாரம் கூடினால் விழும் பிரேக்கரையும் சிமியோன் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே பூட்டியிருந்தான்.)

"ஐயா," என்றான் சிமியோன், என்னைப் பார்த்து. "கதைக்கு ஆள் வேணுமெண்டால் உங்கடை வீட்டிலை பாருங்கோ. நான் கொழுவமாட்டன்."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

4

ஆகவே இறால் அழுகியது. பெர்னடெட் அழுது அழுது வாளி வாளியாகக் கடலில் கொட்டினாள். பெருநாளுக்கு வந்தவர்கள் பருப்புக்கறியோடு சாப்பிட்டார்கள். அன்று சிமியோனை ஏசத் தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை. அவனும் ஒவ்வொரு ஏச்சையும் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இதெல்லாம் ஒரு முடிவா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. பாதியில் விழுந்த அந்த வாக்கியத்தை முடிக்க விரும்புகிறவர் தாராளமாக முடிக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஈரச் சீமெந்தில் நின்று எழுதவேண்டும்.