மிதித்து வந்தவர்கள்

ஏற்காடு மலைப்பாதையின் பதினெட்டாம் வளைவில் ஒரு லாரி ஓரங்கட்டி நின்றிருந்தது. பின்கதவைத் திறந்துபோட்டு உள்ளேயிருந்து சைக்கிள்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இறக்கியவர்கள் கூலியாட்கள் இல்லை. எல்லோரும் வெள்ளை பனியன், அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி. பனியனில் நெஞ்சுக்கு நேராக ‘உயிர்நீத்த காவலர்களுக்கு அஞ்சலி’ என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. சேலத்திலிருந்து மாலைக் கூடைகளோடு ஏறிவந்த எங்கள் ஜீப் அவர்களைத் தாண்ட வழியில்லாமல் நின்றது. ஒருத்தர் தண்ணீர்க் கேனைத் தூக்கி இன்னொருத்தர் முதுகில் ஊற்றினார். முதுகு நனைந்ததும் அவர் திரும்பிக் கையைத் தூக்கிக் கக்கத்தைக் காட்டினார். அங்கேயும் ஊற்றினார். வேர்வையாம். மூன்றாவது ஆள் கல்லின்மேல் உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். மெட்ராசிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிற மனுஷனுக்கு லாரியில் ஏறிவந்த வாந்தி! இந்த வளைவுகளில் பிறந்து வளர்ந்தவள் நான், ஒருநாளும் எனக்கு வண்டியில் குமட்டியது கிடையாது. அன்றைக்குக் குமட்டியது.

“ஏனுங்க, இந்தக் கருமாந்தரம் புடிச்சவங்களுக்கா மாலை வாங்கிட்டுப் போறோம்?” என்றேன்.

ஸ்டியரிங்கில் கை வைத்திருந்த சித்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “சும்மா இரு புள்ள. அவங்க காதுல உழுந்துறப் போவுது.”

“உழுவட்டும்.”

அவர்களில் ஒருத்தர்கூட மிதிக்கவில்லை என்று சொன்னால் பாவம். கீழே ஆறாம் வளைவில் ஒருத்தரைத் தாண்டித்தான் வந்தோம். வயதான ஆள், ஒல்லி உடம்பு, பழைய சைக்கிள். எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார். சித்தன் ஜீப்பை நிறுத்தி, ஏறிக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு, பேச மூச்சில்லாமல், தலை நிமிராமல், கையை மட்டும் ஆட்டி வேண்டாமென்றார். மற்றவர்கள் அவரை விட்டுவிட்டு லாரியில் ஏறிவிட்டார்கள்.

செத்துப்போன காவலர்களில் ஒருத்தர் என் புருஷன் மாதையன். எங்கள் ஊர் செம்மநத்தத்திலிருந்து போலீசுக்குப் போன ஆள். அடிவாரத்தில் சந்தனக்கட்டை கடத்திவந்த லாரியை மறிக்கப் போய், நிற்காத லாரியின் சக்கரத்தில் விழுந்தார். அப்போது எங்கள் மகள் காவேரி தவழ்ந்துகொண்டிருந்தாள். இரண்டு வருஷம் கழித்து மாதையனின் அண்ணன் ஐயாக்கண்ணே முன்னால் நின்று என்னைச் சித்தனுக்குக் கட்டிவைத்தார். எங்கள் மலைச் சனத்தில் இது புதுசும் இல்லை, ஒளித்து மறைத்துச் செய்கிற காரியமும் இல்லை. புருஷன் செத்தவள் இன்னொருத்தரைக் கட்டிக்கொண்டு பூவும் பொட்டுமாக நடப்பாள், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கீழேயிருந்து வந்தவர்கள்தான் இதைக் கேட்டதும் முகத்தை ஒரு தினுசாக வைத்துக்கொள்வார்கள். சித்தன் செம்மநத்தத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். காவேரிக்குச் சளி பிடித்தால் இரவெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது அவர்தான். அவளுக்கு அப்பா என்றால் அவர். மாதையன் சுவரில் தொங்குகிற போட்டோ.

இந்தச் சைக்கிள்காரர்கள் மெட்ராசிலிருந்து ஐந்து நாள் மிதித்து, ஊர் ஊராக நன்கொடை திரட்டி, இறந்த காவலர்களின் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர்கள். அப்படித்தான் கந்தசாமி சொன்னார். நான் படுக்கை விரிப்புகள் துவைக்கிற லாட்ஜின் மேனேஜர் அவர். சேலத்துக்காரர். வரவேற்புக் கமிட்டியிலும் அவர் இருந்தார். போன மாதம் ஒருநாள் துவைக்கிற இடத்துக்கே வந்தார், அது வழக்கத்தில் நடக்காத காரியம்.

“கண்ணாயி, உம் புள்ளைக்கு ஒரு வழி பொறந்திருக்குது. இங்கயே கான்வென்ட்டுல தங்கிப் படிக்கலாம். காலேஜ் வரைக்கும் அவங்களே பாத்துக்குவாங்க. அவங்க செக்கரட்டரியம்மாகிட்டச் சொல்லிட்டேன்.”

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைப் பார்ப்பதே அதிசயம். நாலாவதோடு பிள்ளைகள் மிளகு பறிக்கப் போய்விடும். காவேரி நாலாவதில் இருந்தாள். பஸ்ஸில் எழுதியிருப்பது, பிஸ்கட் தாளில் எழுதியிருப்பது எல்லாவற்றையும் சத்தம்போட்டு வாசிக்கிற பிள்ளை. அவள் கையில் மிளகுக் கூடையைக் கொடுக்கிற நாள் எனக்கு வரவே கூடாது.

“ஆனா ஒண்ணு,” என்றார் கந்தசாமி. “நீ சித்தனக் கட்டிக்கிட்டத வெளிய உட்றாத. அவங்க விதவைக் குடும்பத்துக்குத்தான் செய்யறாங்க.”

“செத்தது புள்ளையோட அப்பனுங்களே. நான் யாரக் கட்டிக்கிட்டா என்னங்க?”

“நாயம் பேசிக்கிட்டு நிக்காத. உங்க மலையில கட்டிக்கறதெல்லாம் ஒரு கல்யாணமா? பூவு பொட்டு இல்லாம வந்து நில்லு. அரை மணி நேரம். அவ்வளவுதான்.”

என் கையில் அப்போது ஒரு விரிப்பு இருந்தது. தேனிலவுக்கு வந்த யாரோ கறையாக்கிவிட்டுப் போனது. அதை அப்படியே அந்த ஆள் மூஞ்சியில் விசிறியடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்கவில்லை. “சரிங்க” என்றேன். அந்த ‘ங்க’ என் வாயிலிருந்து தானாக வந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டில் சொன்னபோது சித்தன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து நிமிராமல், “புள்ள படிக்கட்டும்” என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால், தட்டைத் தூக்கி எறிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவராக இருந்து மனுஷியைக் கொல்கிறவர். காவேரியிடம் நானே சொன்னேன்.

“அந்தக் கூட்டத்துல இவர அப்பான்னு கூப்புட்றாத, சாமி.”

“அப்பறம் என்னன்னு கூப்புடறது?”

“கூப்புடவே வேண்டாம்.”

விழாவன்று, சேலத்து மாலைக் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு, லாட்ஜின் குளியலறையில் சோப்புப் போட்டுப் பொட்டை அழித்தேன். தலையிலிருந்த பூவைப் பிடுங்கிப் பக்கெட்டில் போட்டேன். கை தாலிக்குப் போனது. மஞ்சக்கயிறு, போன மாசிக்குத்தான் புதுசாக மாற்றியது. கழற்றக் கை வரவில்லை. ஜாக்கெட்டுக்குள் திணித்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

லாட்ஜுக்கு முன்னால் இருந்த புல்வெளியில் மேடை. பேண்டு வாத்தியம் முழங்க, மணியடித்துக்கொண்டு சைக்கிள்கள் நுழைந்தன. கூட்டம் எழுந்து கைதட்டியது. நனைந்த முதுகுகளைக் காட்டிக்கொண்டு ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். ஒருத்தர் நொண்டினார். வாந்தியெடுத்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அட, என்ன நடிப்பு! ஒரு பெரியவர் ஓடிப்போய் அவர் காலைப் பிடித்து அமுக்கிவிட்டார். நான் வாங்கிவந்த மாலைகள்தான் அந்தக் கழுத்துகளிலெல்லாம் விழுந்தன.

செக்கரட்டரியம்மாவின் பெயர் ராஜேஸ்வரி. காரில் முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, “சாப்பிட்டீங்களாம்மா?” என்றுதான் முதலில் கேட்டார். மேடையில் மாதையனின் போட்டோவை வைத்திருந்தார்கள். ஆயுதம் தாங்கிய கும்பலோடு அவர் ஒற்றையாளாகப் போராடியதாக ஒருத்தர் பேசினார். மாதையன் கையில் அன்றைக்கு ஒரு டார்ச் லைட்தான் இருந்தது. அந்த டார்ச்சோடு நடுரோட்டில் போய் நின்றாரே, அது போதாதா இவர்களுக்கு?

என்னை விளக்கேற்றச் சொன்னார்கள். குனிந்தேன். முந்தானை விலகி, கயிறு நழுவி வெளியே வந்து, விளக்குக்கு நேராக ஆடியது.

கந்தசாமியின் முகம் செத்துப்போயிற்று. நான் அவசரமாக உள்ளே தள்ளுவதற்குள் ராஜேஸ்வரியம்மா பார்த்துவிட்டார். என் வெறும் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், மறுபடி நெற்றியைப் பார்த்தார். தீர்ந்தது, காவேரியின் படிப்பு இதோடு போயிற்று என்று நினைத்தேன். அந்த அம்மாவின் கண் நிரம்பிவிட்டது. மைக்கைப் பிடித்தார்.

“எல்லாரும் இவங்களைப் பாருங்க. பொட்டை எடுத்துட்டாங்க, பூவை எடுத்துட்டாங்க. ஆனா மாதையன் கட்டின தாலியை மட்டும் இத்தனை வருஷமா இவங்களுக்குக் கழட்ட மனசு வரல. அவரோட நினைப்புலயே வாழ்ந்துகிட்டிருக்காங்க. இந்தக் குழந்தை இனிமே எங்க குழந்தை.”

புல்வெளி முழுக்கக் கைதட்டல். மாதையன் கட்டியதை அவரோடு குழிக்குள் போட்டு மண்ணைத் தள்ளியாயிற்று. இவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தது சித்தன் கட்டிய தாலிக்கு. நனைந்த பனியன்காரர்கள் எழுந்து நின்றே தட்டினார்கள். ஒரு அம்மாள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பத்தினியைப் பார்த்துவிட்டாளாம். தூ! கடைசி வரிசைக்குப் பின்னால் சித்தன் நின்றார், தோளில் காவேரியின் ஸ்வெட்டர். பக்கத்தில் நின்றவர் தட்டிக்கொண்டே திரும்பி அவரைப் பார்த்தார். சித்தனும் கையைத் தூக்கித் தட்டினார்.

ராஜேஸ்வரியம்மா மைக்கை என் வாய்க்கு அருகில் கொண்டுவந்தார். “நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா.”

ஒரு வார்த்தை போதும். இது அந்தோ நிக்கிறாரே, அவர் கட்டுனதுங்க என்று சொன்னால் போதும். காவேரி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் கான்வென்ட்டின் நீலப் புத்தகப் பெட்டி, சற்று முன் கொடுத்தது, கட்டைவிரலால் அதன் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“நொம்ப நன்றிங்க,” என்றேன். என் வாய்தான் அது. அதைக் கொண்டுபோய்க் கழுவ ஒரு இடம் இருந்தால் தேவலை.

பிறகு பிரியாணி. ஐந்து நாள் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி வரிசையை இடித்துக்கொண்டு போனார்கள். அஞ்சலி செலுத்திய சைக்கிள்கள் புல்லில் தாறுமாறாகக் கிடந்தன. நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஆறாம் வளைவில் பார்த்த அந்த ஆள் வந்துசேர்ந்தார். ஒரு கைதட்டல் இல்லை. சைக்கிளைக் கீழே போடாமல் சுவரில் சாய்த்து நிறுத்தினார். கெண்டைக்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, யாரையோ விசாரித்து, நேராக எங்களிடம் வந்தார்.

“ஆரோக்கியதாசுங்க. ஏட்டா இருந்து ரிட்டையரானவன். மாதையனும் நானும் ஒண்ணா டூட்டி பாத்தோம்,” என்றார். காவேரிக்கு முன்னால் சிரமப்பட்டு மண்டியிட்டார். “அவன் மூக்கு அப்படியே இருக்குது கண்ணு உனக்கு. அன்னிக்கு ராத்திரி என் டூட்டிய அவன் பாத்தான். எனக்குக் காய்ச்சல்.”

அந்தக் கூட்டத்திலேயே மாதையனுக்காக வந்த ஒரே ஆள் இவர்தான் என்று தெரிந்தது. இவரிடம் சொல்லிவிடலாம், இவருக்குப் புரியும் என்று தோன்றியது. ராஜேஸ்வரியம்மா ஒரு தட்டோடு இரண்டடி தள்ளி நின்று, எங்களையே கனிவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நகரட்டும் என்று காத்திருந்தேன்.

பனி இறங்க ஆரம்பித்திருந்தது. சித்தன் வந்தார். குனிந்து, காவேரிக்கு ஸ்வெட்டரை மாட்டி, ஒவ்வொரு பித்தானாகப் போட்டுவிட்டார். ஆரோக்கியதாஸ் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது யாரு கண்ணு?” என்றார், சும்மா, அன்பாகத்தான்.

காவேரி என்னைப் பார்த்தாள். அப்புறம் ராஜேஸ்வரியம்மாவைப் பார்த்தாள். நீலப் பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஜீப் டிரைவருங்க,” என்றாள்.

நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. கொஞ்சமும் திக்காமல் சொன்னாள். சித்தனின் கை கடைசிப் பித்தானில் நின்றது. பிறகு அதையும் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“பனி நொம்ப எறங்குது தம்பி. பாத்து மெதுவா கொண்டுபோய் உடுங்க,” என்றார் ஆரோக்கியதாஸ்.

“சரிங்க,” என்றார் சித்தன்.

அவர் முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். வழியனுப்ப ராஜேஸ்வரியம்மாவும் ஜீப் வரைக்கும் வந்தார், வழியெல்லாம் காவேரியின் தலையைத் தடவிக்கொண்டே. முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து போவதுதான் எங்கள் வழக்கம். சித்தன் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். படுதாவை விலக்கிக் கதவை இறக்கினார். தோள் துண்டை எடுத்து, லாட்ஜுக்கு வருகிற விருந்தாளிகளுக்குத் துடைப்பதுபோல, பின்சீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் துடைத்தார். எங்கள் இருவரின் முகத்தையும் பார்க்காமல் ஒதுங்கி நின்று படுதாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஏறுங்கம்மா,” என்றார். “கால் பாத்து வைங்க.”