செவலை ஆற்றில் இறங்கிய பிறகு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. குருவிநத்தத்தில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில், நான் எழுதிய சிறுவர் நாவலின் முடிவை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள்.

இதை எப்படித் தொடங்குவது? "பெண்ணையாற்றங்கரையில் அந்திச் சூரியன் மெல்ல..." சே! அந்தி எங்கே வந்தது? பட்டப்பகல். மின்விசிறி வேறு ஓடவில்லை.

2

நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை புவனேஸ்வரிதான் என்னை அழைத்தவர். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே வாசிப்பு வட்டம். பிடித்த புத்தகத்தைப் பரிந்துரைக்கிற பிள்ளை கதையைப் பாதியில் நிறுத்திவிட வேண்டும். மீதி வேண்டுமென்றால் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படி. அதுதான் சட்டம்.

என் புத்தகத்துக்கு மட்டும் சட்டம் வேறு. பள்ளிக்குள் புகுந்த வெள்ளத்தில் நனைந்த புத்தகங்களைப் பிள்ளைகளே கொடியில் காயப்போட்டுத் தைத்திருக்கிறார்கள். அதில் என் கடைசிப் பக்கங்கள் காணாமல் போய்விட்டன. செவலை என்கிற கன்று, வீட்டைத் தேடி வெள்ளத்தில் கால் வைப்பதோடு கதை நிற்கிறது. அதனால் வாரம் ஒரு பிள்ளை ஒரு முடிவு சொல்கிறது. கண்ணகிதான் அதிகம் சொல்வாளாம்.

"வகுப்புல வாயே தொறக்க மாட்டா சார். செவலைக்காக மட்டும்தான் பேசுவா," என்றார் புவனேஸ்வரி.

[கண்ணகியை முதல் வரைவில் பெரிய கண்கள் உள்ள ஒல்லிப் பெண்ணாக எழுதியிருந்தேன். பொய். நல்ல உயரம். கை நிறைய மை. பக்கத்துப் பெண்ணின் வேர்க்கடலையைக் கேட்காமலே எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.]

3

என் பையில் முழுப் பிரதி ஒன்று இருந்தது, பரிசாகக் கொண்டுபோனது. இப்போது அதை எடுக்கக் கை வரவில்லை. அச்சடித்த முடிவு வந்துவிட்டால் இந்தப் பெண் மறுபடி வாயை மூடிக்கொள்வாளே!

கண்ணகி எழுந்தாள்.

"செவலைய தண்ணி இழுத்துக்கினு போச்சு. போன வாரம் அனிதா சொன்ன மாதிரி பாகூர் ஏரிக்கு இல்ல. ரொம்ப தூரம். அப்ப அது ஆத்தக் கேட்டுச்சு, 'எங்க வூட்ட எங்க கொண்டும்போய் வெச்ச?' ஆறு சொல்லிச்சு, 'நானும் என் வூட்டத் தேடிக்கினுதான் வந்தேன். அதுலதான் நீங்க கரும்பு போட்டிருக்கீங்க.'"

எனக்குப் புல்லரித்துவிட்டது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, கை மயிர் எழுந்து நின்றதைப் பார்த்தேன். எத்தனை வருஷம் எழுதினாலும் எனக்கு இந்த ஆறு பேசியிருக்காது.

"அப்ப எங்கப்பா எங்கடி கரும்பு போடுவாரு?" என்று வட்டத்திலிருந்த நவீன்குமார் எகிறினான். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கத்தத் தொடங்கிவிட்டார்கள். ஆற்றின் பக்கம் பாதி, அப்பாவின் பக்கம் பாதி.

4

சத்தம் அடங்கியதும், அல்பம், என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "முழுப் புத்தகம் என்கிட்ட இருக்கு. அதுல நிஜ முடிவு..." என்று ஆரம்பித்தேன்.

"அது தெரியும் சார்," என்றாள் கண்ணகி.

அலமாரியிலிருந்து கரும்பு சாகுபடிக் கையேடு ஒன்றை உருவி வந்து நீட்டினாள். உரம், பூச்சிமருந்து எல்லாம் முடிந்த பிறகு, பின்னால் என் கடைசிப் பக்கங்கள்! செவலை கரையேறுகிறது, எல்லாரும் கட்டிக்கொள்கிறார்கள், சுபம்.

"தைக்கிறப்ப மாறிப்போச்சு சார். எல்லாருமே படிச்சிட்டோம்."

புவனேஸ்வரி, "அடிப்பாவிங்களா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். அவருக்கே தெரியாதாம்.

"நல்லா இல்லையாம்மா?" என்றேன்.

"நல்லாத்தான் சார் இருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அத படிச்சப்புறம் யாரும் ஒண்ணும் பேசல."

5

முடிவு அ: புதுப் பிரதியை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

முடிவு ஆ: கடைசிப் பக்கங்களைக் கிழித்துவிட்டு வைத்தேன்.

முடிவு இ: பையை மூடிக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை வட்டத்தில் எனக்கும் ஒரு இடம் கிடைக்குமா என்று கண்ணகியிடம்

எது நடந்தது என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். இப்போதுதான் அழித்தேன். நீங்கள் பேசுங்கள்.